ஒட்டாது

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், மூன்றாவது மாடி,
ட்யூப்லைட்டுக்குக் கீழே என் மேசை.
சட்டை வரும். காலரைப் பிரிப்பேன்,
அக்குள் தையல், பித்தான் துளை,
சாயம் திட்டாக இறங்கிய இடம்.
குறை என்றால் ஓர் அம்பு ஸ்டிக்கர்.
நாளைக்கு அறுநூறு சட்டை.

என் இடுப்பில் இருந்த திட்டுக்கு
ஏழு வருஷம் யாரும் அம்பு ஒட்டவில்லை.

படர்தாமரை என்றார் மெடிக்கல் ஷாப்காரர்.
சுடிதாருக்கு மேலேயே விரல் வைத்துக் காட்டினேன்.
"ஏனு ஆகல்லம்மா" என்று ஒரு ட்யூப் தந்தார்.
பூசினால் மங்கும். விட்டால்
வாடகைக்கு வருகிறவர் போலத் தேதி தவறாது.
எக்ஸிமா என்றார்கள், அலர்ஜி என்றார்கள்,
பாலியெஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.
கத்தரிக்காயை விட்டேன். கருவாட்டை விட்டேன்.
அது, வெயில் படாத இடமாகப் பார்த்துப் பார்த்து,
பிட்டம், உள்தொடை, மார்பின் கீழ்மடிப்பு.
நனைந்து காய்ந்த பீடித்தாள் மாதிரி
தோல் மெல்லிசாகச் சுருங்கியது.

வீட்டில் சோப்பு இரண்டானது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
என் துண்டு கொடியின் கடைசிக்குப் போனது.
குழந்தையைத் தூக்கினால் நாத்தனார்
"இப்பதான் குளிச்சா" என்று வாங்கிக்கொள்வாள்.
சகாயராஜ் பாயை ஒரு சாண் தள்ளிப் போட்டார்.
ஒரு சாண்தான்.
அளவு பார்ப்பது என் வேலை, தெரியாமல் இருக்குமா?

டாக்டர் பிரதிமா உடுப
என்னை ஜன்னலோரம் நிறுத்தி, லைட்டை அணைத்து,
பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்தார்.
களிம்பெல்லாம் ஒரு மாசம் நிறுத்தச் சொன்னார்.
அந்த ஒரு மாசம் பற்றி எழுத மாட்டேன்.
பிறகு நாலு மில்லிமீட்டர் வட்டம்,
பித்தான் அளவுகூட இல்லை, வெட்டி எடுத்தார்.
ரிப்போர்ட்: உறுதியாகச் சொல்ல இயலவில்லை.
இரண்டாம் முறையும் அதே வரி.
"என்னவோ தப்பா இருக்கு, எதுன்னு தெரியலை.
தெரியறவரைக்கும் எடுப்பேன், பரவாயில்லையா?"
மூன்றாம் முறை இரண்டு இடத்தில் எடுத்தார்.

கீழ்த்தளத்தில் நியாமத் என்றொரு டாக்டர்
மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்க விட்டார்.
ஊதா நிறம். மேல்தோலின் அடிவிளிம்பில்
கறுத்த அணுக்கள், ஒன்றையடுத்து ஒன்று,
நூல் தப்பாத ஓட்டுத்தையல்.
யார் தைத்தாலும் நான் பாஸ் போட்டிருப்பேன்.

மைகோசிஸ் ஃபங்காய்டிஸ்.
பூஞ்சை என்று பெயர், பூஞ்சை இல்லை.
தோலில் குடியேறிய நிணநீர்ப் புற்று.
லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகமாம்.

"ஒட்டுமா?" என்றேன்.
வேறு கேள்வி எதிர்பார்த்திருப்பார் போல,
பேனாவைக் கீழே வைத்தார்.
"ஒட்டாது."
சோப்பில்? "ஒட்டாது."
துண்டில்? "ஒட்டாது."
ஒரே பாயில்?
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
"அருள்சீலி, ஒட்டவே ஒட்டாது."
எழுதிக் கொடுங்கள் என்றேன்.
அவர் கன்னடத்தில் ஒரு வரி எழுதினார்,
கீழே தமிழில் நானே ஒரு வரி,
அதற்கும் கீழே கையெழுத்து, சீல்.
புற்று வந்தவள் சிரித்தபடி
பஸ் ஏறியதை அன்று யாராவது பார்த்திருக்கலாம்.

திங்கள், புதன், வெள்ளி, ஷிஃப்டுக்கு முன்னால்
ஆளுயரப் பெட்டிக்குள் நிற்கிறேன்.
சுற்றிலும் குழல்விளக்கு. உடம்பில்
கறுப்புக் கண்ணாடி மட்டும்.
முதல் நாள் முப்பது விநாடி,
இன்றைக்கு இரண்டு நிமிஷம் பத்து.
கையைத் தூக்குகிறேன், திரும்புகிறேன்.
நாற்பத்திரண்டு வயசு வரை வெளிச்சம் காணாத இடமெல்லாம்
கூசாமல் வெளிச்சம் வாங்குகிறது.
போய்விடும் என்கிறார் டாக்டர்.
திரும்பவும் வரலாம் என்கிறார்.
இதோடு முப்பது வருஷம் இருப்பவர்கள் உண்டு என்கிறார்.
மூன்றையும் ஒரே குரலில்.

அந்தத் தாளைக் குளியலறைக் கதவில்
அம்பு ஸ்டிக்கர் நாலு வைத்து ஒட்டியிருந்தேன்.
ஈரத்தில் ஒரு மூலை கழன்று தொங்கியது.
நேற்றிரவு பார்த்தால்
சோற்றுப் பருக்கை தேய்த்து
யாரோ அதை மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.

சோப்பு இன்னும் இரண்டுதான்.